அறுபத்து நாலரை மஸ்டாங்

முதல் ஃபோர்டு மஸ்டாங் எந்த வருஷத்துக் கார் என்று டெட்ராய்ட் பக்கம் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் கேட்டால் பேச்சு சீக்கிரம் முடியாது. அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் "அறுபத்து நாலு" என்பார்கள். வின் எண்ணை, அதாவது ஒவ்வொரு காருக்கும் ஆலையில் அடிக்கும் அடையாள எண்ணை, படிக்கத் தெரிந்தவர்கள் "அறுபத்தைந்து" என்று திருத்துவார்கள். மூன்றாவதாக ஒருவர் "அறுபத்து நாலரை" என்பார். அதற்குப் பிறகுதான் குரல்கள் உயரும். மிச்சிகனுக்குக் குடிவந்ததிலிருந்து இந்த வாக்குவாதத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆகஸ்டில் வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் வரிசைகட்டி வரும்போது, நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தே இந்தக் காரைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன். இந்த வழக்கில் எனக்கும் ஒரு கட்சி உண்டு. ஆனால் கார் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

1960 நவம்பரில் லீ அயகோக்கா ஃபோர்டு பிரிவின் தலைவரானபோது அவருக்கு வயது 36. அப்போது ஃபோர்டின் சின்னக் கார் ஃபால்கன். ராபர்ட் மக்னமாரா கொண்டுவந்த கார் அது. சிக்கனம், உழைப்பு, விலை எல்லாவற்றிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் இருபது வயதுப் பையன் திரும்பிப் பார்க்கும் கார் இல்லை. மக்னமாரா கென்னடியின் அமைச்சரவையில் பாதுகாப்புச் செயலாளராகப் போய்விட்டார். போருக்குப் பிந்தைய குழந்தைப் பெருக்கத்தில் 1946இல் பிறந்தவர்களுக்கு 1964இல் பதினெட்டு நிறைகிறது, இவர்களுக்கென்று ஒரு கார் வேண்டும் என்று அயகோக்கா கணக்குப் போட்டார். டியர்பார்னில் ஃபேர்லேன் இன் என்ற விடுதியில் சில பேர் மாலை நேரத்தில் கூடிப் பேசினார்கள். டொனால்ட் ஃப்ரே, ஹால் ஸ்பெர்லிக் போன்றவர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள். 1962இல் கம்பெனிக்குள்ளேயே வடிவமைப்புப் போட்டி வைத்தார்கள். ஜோ ஓரோஸின் ஸ்டுடியோ வைத்த களிமண் மாதிரி ஜெயித்தது. அதற்கு அடிப்படையான படத்தை வரைந்தவர் கேல் ஹால்டர்மன். நீண்ட பானெட், குட்டையான பின்பக்கம். இன்றைக்கும் மஸ்டாங் என்றால் நம் கண் முன்னால் வருவது அந்த அளவுப் பொருத்தம்தான்.

மேலே இப்படிக் கவர்ச்சி, அடியில் பெரும்பாலும் ஃபால்கன். அதனால்தான் விலை கட்டுப்பட்டது. டெட்ராய்ட்டில் எடுத்துக்கொண்டால் 2,368 டாலர். அந்த விலைக்குள்ளேயே முன்பக்கம் தனித்தனி பக்கெட் சீட், தரையிலிருந்து எழும் கியர் கம்பி, கார்பெட். மற்ற கார்களில் கூடுதல் காசு கேட்கும் சமாச்சாரங்கள் இவை. பிறகு வேண்டுமானால் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின், வேண்டுமானால் ஆட்டோமேட்டிக், வேண்டுமானால் ஏசி என்று நீளமான பட்டியல். ஒரே கார்தான், ஆனால் வாங்குகிறவர் தன் கைக்குத் தகுந்தபடி அதைத் தானே அமைத்துக்கொள்ளலாம். எனக்கு அந்தக் காரின் அழகைவிட இந்த யோசனைதான் பெரிது.

1964 மார்ச் 9ஆம் தேதி டியர்பார்னில் ரூஜ் வளாகத்து ஆலையில் உற்பத்தி தொடங்கியது. ஏப்ரல் 13 நியூயார்க் உலகக் கண்காட்சி மைதானத்தில் பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார்கள். 16ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கு ஏபிசி, சிபிஎஸ், என்பிசி மூன்றிலும் ஒரே நேரத்தில் விளம்பரம். பெரும்பாலும் இந்த மூன்று சேனல்களையே ஜனங்கள் பார்த்த காலம். டிவியைப் போட்டிருந்தவர்கள் அந்த நிமிஷம் மஸ்டாங்கைப் பார்க்காமல் தப்பிப்பது கஷ்டம். மறுநாள் ஏப்ரல் 17, வெள்ளிக்கிழமை, விற்பனை. அந்த ஒரு நாளில் 22,000 ஆர்டர்கள். அதே வாரம் 'டைம்', 'நியூஸ்வீக்' இரண்டின் அட்டையிலும் அயகோக்காவின் முகம். அதற்குச் சில நாள் கழித்து, 22ஆம் தேதிதான் கண்காட்சியே பொதுமக்களுக்குத் திறந்தது. ஃபோர்டு அரங்கில் டிஸ்னியின் ஆட்கள் ஒரு சவாரி செய்து வைத்திருந்தார்கள். எஞ்சின் இல்லாத, கூரையை மடிக்கக்கூடிய ஃபோர்டு கன்வர்ட்டிபிள்களில் ஜனங்களை உட்காரவைத்து டைனோசர்களுக்கு நடுவே நகர்த்திக்கொண்டு போவார்கள். அந்தக் கார்களில் மஸ்டாங்கும் உண்டு. எத்தனையோ பேர் மஸ்டாங்கில் முதன்முதலாக உட்கார்ந்தது டைனோசரைப் பார்ப்பதற்காகத்தான்.

டெக்சாஸில் ஒரு டீலரிடம் இருந்த ஒரே காருக்குப் பதினைந்து பேர் போட்டி போட்டதாகவும், ஜெயித்தவர் தன் செக் பாஸாகும் வரை வேறு யாருக்கும் விற்றுவிடக் கூடாது என்று அன்றிரவு காருக்குள்ளேயே படுத்துக்கொண்டதாகவும் மஸ்டாங் ரசிகர்கள் ஆண்டாண்டு காலமாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. எனக்கு அதைவிடப் பிடித்தது எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பெரியவர் சொன்னது.

அவருடைய அப்பா ரூஜ் ஆலையில் வேலை பார்த்தவர். அந்த ஏப்ரலில் இவருக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் நண்பர்களோடு சைக்கிளில் ஷோரூமுக்குப் போயிருக்கிறார். வாசலில் கூட்டம். கண்ணாடி முழுக்கக் கைத்தடம். உள்ளே ஒரே ஒரு சிவப்பு ஹார்ட்டாப், அதாவது நிலையான கூரை வைத்த மஸ்டாங். விற்பனையாளர் பையன்களை விரட்டாமல் வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு நிமிஷம் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்காரவிட்டாராம். புது வினைல் வாசனையும் கையில் பட்ட கியர் குமிழின் குளிர்ச்சியும் இன்னும் நினைவிருப்பதாகச் சொன்னார். ராத்திரி அப்பா வேலை முடிந்து வந்து, சாப்பிட உட்காரும் முன்பே கேட்ட கேள்வி: "கிரில்லில் குதிரைச் சின்னம் நேராக இருந்ததா, சாய்ந்திருந்ததா?" மகன் அதைக் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் அதைப் பார்ப்பதற்காகவே மறுபடி போனார். நேராகத்தான் இருந்தது. போய்ச் சொன்னபோது அப்பா ஒன்றும் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினாராம். கார் வெளிவந்த நாள் என்று கேட்டால் பெரியவர் இந்த இரண்டு நாளையும்தான் சொல்வார். இரண்டுமே 1964 ஏப்ரல்.

அவரிடம் போய் "உங்கள் கார் 1965 மாடல்" என்றால் கோபம் வராதா? வரும். வந்திருக்கிறது. பல வருஷம் கழித்து, பழைய காராக, வெள்ளை ஹார்ட்டாப் ஒன்றை அவர் வாங்கினார். முதல் சொந்தக்காரர் வேறு மாநிலத்தில் பதிவு செய்த கார். டைட்டிலில், அதாவது உரிமைப் பத்திரத்தில், 1964 என்றே இருந்தது. சில மாநிலங்களில் அப்போது விற்ற வருஷத்தையே மாடல் வருஷமாக எழுதிவிடுவார்கள், அதனால் இது அபூர்வமில்லை. ஒரு கார் ஷோவில் 1964 என்று அட்டை எழுதி முன்கண்ணாடியில் வைத்தார். நடுவராக வந்த இளைஞர் அதைத் தவறு என்று சொல்லி, எல்லார் முன்னாலும் 1965 என்று திருத்தச் சொன்னார். பெரியவர் பானெட்டை மூடிவிட்டு, பரிசளிப்புக்குக் காத்திருக்காமல் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

நடுவர் சொன்னதில் தவறில்லை. அதைத்தான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஃபோர்டின் வின் எண்ணில் முதல் இலக்கம் மாடல் வருஷம். மார்ச் மாதம் வரிசையிலிருந்து இறங்கிய முதல் காரிலிருந்தே அது 5. அதாவது 1965. நான்கில் தொடங்கும் மஸ்டாங் ஒன்றுகூடக் கிடையாது. அடுத்து ஆலையின் எழுத்து: டியர்பார்னுக்கு எஃப், சான் ஹோசேவுக்கு ஆர், நியூ ஜெர்சி மெட்டூச்சனுக்கு டி. அடுத்த இரண்டு இலக்கம் உடலமைப்பு: 07 ஹார்ட்டாப், 08 கன்வர்ட்டிபிள், 09 ஃபாஸ்ட்பேக் (கூரை பின்பக்கம் வரை சரிந்து இறங்கும் உடல்). பிறகு எஞ்சின் எழுத்து. கடைசியில் 100001 முதல் ஓடும் வரிசை எண். எங்கள் பெரியவரின் கார் '5 எஃப் 07 எஃப்' என்று தொடங்குகிறது. ஓட்டுநர் பக்கத்து முன் ஃபெண்டரின் மேல் விளிம்பில் ஒரு சிறு வெட்டு இருக்கும். பானெட்டைத் தூக்கிவிட்டு அந்த வெட்டு வழியாகப் பார்த்தால் உள் தகட்டில் அடித்த எண் தெரியும். அவர் கராஜில் டார்ச் அடித்துக் காட்டினார். பெயிண்டுக்கு அடியில் அந்த 5 கொஞ்சம் ஆழமாகவே விழுந்திருக்கிறது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஏன் 65? ஏப்ரலில் வரும் காரை 1964 என்று சொல்லி விற்றால், செப்டம்பரில் மற்ற 1965 கார்கள் வந்ததும் ஐந்தே மாதத்தில் அது 'போன வருஷக் கார்' ஆகிவிடும். வாங்கியவருக்கு நஷ்டம், டீலருக்குத் தலைவலி. 1965 என்று தொடங்கினால் அடுத்த கோடை வரை ஒரே மாடலாக ஓட்டலாம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பிற்காலத்தில் அமெரிக்க அரசு வகுத்த விதியைப் பார்த்தாலும் இதற்கு இடமிருக்கிறது. மாடல் வருஷம் என்பது அந்த ஆண்டின் ஜனவரி 1ஐ உள்ளடக்கிய உற்பத்திக் காலம். முந்தைய ஆண்டு ஜனவரி 2 முதலே அது தொடங்கலாம். இன்றைய விதிப்படியும் 1964 மார்ச்சில் செய்த காரை 1965 என்று அழைக்கத் தடையில்லை.

இதே நேரத்தில் பிளைமவுத் என்ன செய்தது என்று பார்த்தால் இது தெளிவாகும். அவர்களுடைய பாரகூடா மஸ்டாங்குக்கு இரண்டு வாரம் முந்தி, 1964 ஏப்ரல் 1 அன்று வந்தது. வேலியண்ட் காரின் அடிப்படையில் செய்தது, ஆகவே வேலியண்டின் வருஷத்தையே எடுத்துக்கொண்டது: 1964. இலையுதிர் காலத்தில் 1965 பாரகூடா வந்தது. அதில் பெரிய குழப்பம் எழவில்லை. மஸ்டாங்கின் குழப்பம் ஃபோர்டு எடுத்த முடிவில் பிறந்தது. அந்த முடிவு வியாபாரத்துக்கு நல்லது, ஆனால் வாங்கியவர்களின் நினைவோடு அது என்றைக்கும் ஒட்டவில்லை.

ஒட்டாததற்கு இன்னொரு காரணம் இண்டியானாபொலிஸ். 1964 மே 30 அன்று நடந்த 500 மைல் பந்தயத்தில் முன்னோடிக் கார், அதாவது தொடக்கத்தில் பந்தயக் கார்களுக்கு முன்னால் ஓடும் கார், வெள்ளை மஸ்டாங் கன்வர்ட்டிபிள். ஓட்டியவர் பென்சன் ஃபோர்டு. அந்தப் பந்தயத்தின் தொடக்கத்தில் நடந்த தீ விபத்தில் எடி சாக்ஸ், டேவ் மக்டொனால்ட் இருவரும் இறந்தார்கள். ஏ. ஜே. ஃபாய்ட் ஜெயித்தார். அந்த நாளை மறக்க முடியாதவர்கள் ஏராளம். அவர்கள் மனதில் அந்த வெள்ளைக் கார் 1964இன் கார். அதை யாரால் மாற்ற முடியும்?

டெட்ராய்ட்டுக்கு அரை வருஷக் கணக்கு புதிதும் இல்லை. ஃபோர்டே 1963 நடுவில் புதுக் கூரையோடு வந்த கேலக்சியையும் வி8 போட்ட ஃபால்கன் ஸ்பிரிண்டையும் '1963½' என்று விளம்பரம் செய்தது. பின்னால் செவர்லே 1970 பிப்ரவரியில் தாமதமாகக் கொண்டுவந்த கமாரோவையும் ஜனங்கள் '1970½' என்றார்கள். ஆகவே வசந்தத்தில் வந்த மஸ்டாங்கை மக்கள் 'நாலரை' என்றது யாரோ ரசிகர் பிற்பாடு கட்டிவிட்ட கதை அல்ல. ஊர் வழக்கப்படி பேர் வைத்தார்கள். ஒரே வித்தியாசம், இந்த முறை கம்பெனி அந்தப் பேரைத் தானே சொல்லவில்லை.

இதுவரை சொன்னது காகிதத்துக்கும் நினைவுக்கும் உள்ள சண்டை. நம் அப்பா தலைமுறையில் பாதிப் பேருக்கு சர்டிஃபிகேட் பிறந்தநாள் ஒன்று, வீட்டில் சொல்லும் பிறந்தநாள் ஒன்று. ரிட்டையர் ஆவது ஒரு தேதிக்கு, கோயிலில் அர்ச்சனை இன்னொரு தேதிக்கு. யாரும் அதற்காகச் சண்டை போட்டதில்லை. மஸ்டாங்கையும் அப்படியே விட்டுவிடலாம் என்று நான் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. ஆனால் பானெட்டுக்கு அடியில் பார்க்கப் பார்க்க, 'நாலரை' என்ற பேர் வெறும் நினைவுக்காக இருப்பதில்லை என்று தெளிவாகிவிட்டது. அந்தப் பேருக்கு ஒரு வேலை இருக்கிறது.

1964 ஜூலை கடைசி வரை செய்த கார்களும், ஆகஸ்ட் நடுவில் மறுபடி தொடங்கிய பிறகு செய்த கார்களும் வெளியே ஒன்றுபோலத் தெரியும். உள்ளே வேறு. முந்தையவற்றில் பேட்டரியை சார்ஜ் செய்வது டைனமோ. பிந்தையவற்றில் ஆல்டர்னேட்டர். டாஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கின் எழுத்தும் அதற்கேற்ப மாறியது. அடிப்படை எஞ்சின் முந்தையவற்றில் 170 கன அங்குல ஆறு சிலிண்டர், 101 குதிரைசக்தி. பிந்தையவற்றில் 200 கன அங்குலம், 120 குதிரைசக்தி. சின்ன வி8 முந்தையவற்றில் 260 கன அங்குலம், 164 குதிரைசக்தி. இலையுதிர் காலத்தில் அது போய் 289 வந்தது, 200 குதிரைசக்தியோடு. 260 வி8 போட்ட மஸ்டாங் அந்தச் சில மாதங்களுக்கு மட்டுமே உண்டு.

இன்னும் சின்னச் சின்ன விஷயங்கள். முந்தைய கார்களில் ஹாரன் பெரிசு, ரேடியேட்டருக்குப் பின்னால் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். பயணி சீட்டை முன்னும் பின்னும் நகர்த்த முடியாது. பெட்ரோல் மூடி தனியாகக் கழன்று வரும், பிறகுதான் வயர் கட்டினார்கள். பிரேக் விளக்கின் சுவிட்ச் மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும், பிறகு பெடலுக்கு மாறியது. பானெட்டின் முன் ஓரம் ஹெட்லைட்டை ஒட்டி வரும் இடத்தில், முந்தையதில் சாய்வாகச் சீவி விட்டது போல முடியும். பிந்தையதில் மடித்து வழவழப்பாக்கினார்கள். எங்கள் பெரியவர் அந்த ஓரத்தில் விரலை ஓட்டச் சொன்னார். ஓட்டிப் பார்த்தேன், தகடு லேசாக விரலைக் கீறுகிறது. "அப்பா இதைத்தான் குறை சொல்வார்" என்றார். வரிசையில் வேலை செய்தவர்களுக்கே உறுத்திய ஓரம் அது.

இப்படி முழுத் தொகுதியாக வேறுபடும் கார்களுக்குத் தனிப் பேர் இல்லாமல் என்ன செய்வது? டைனமோ ஆர்மேச்சரை வாங்க வருகிறவர் "அறுபத்தைந்து மஸ்டாங்" என்று கேட்டால், கடைக்காரர் ஆல்டர்னேட்டருக்கான சாமானை எடுத்து நீட்டுவார். வயரிங் ஹார்னஸ் பொருந்தாது, ரேடியேட்டர் தாங்கி பொருந்தாது. பழுதுபார்க்கிற கை 'நாலரை' என்று சொல்லாமல் ஒரு நாளும் வேலை செய்ய முடியாது. அதனால்தான் உதிரிபாகக் கடைகளும் அந்தப் பேரையே வைத்திருக்கின்றன. 1965 மாடலில் மொத்தம் 6,80,989 மஸ்டாங் செய்ததாகக் கணக்கு. அதில் இந்த முதல் தொகுதி 1,21,538. ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு.

ஆகவே என் கட்சி இது. காகிதத்தில் 1965 என்றே எழுத வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. இன்ஷூரன்ஸ், டைட்டில், போட்டி அட்டை எல்லாம் வின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஆனால் பேச்சில் 'அறுபத்து நாலரை' என்று சொல்பவரைத் திருத்துவது அறியாமை. அது பொய்யான வருஷம் இல்லை. இந்தக் கார் எந்தக் காலத்தில் எந்தச் சாமானோடு செய்தது என்பதை ஒரே மூச்சில் சொல்லும் பேர். 1965 என்ற எண் அந்தத் தகவலைத் தராது. ஒரு நடுவர் அட்டையைத் திருத்தச் சொல்லலாம். அதே மூச்சில் "ஆனால் நீங்கள் வைத்திருப்பது முதல் தொகுதிக் கார், 260, டைனமோவோடு அப்படியே இருக்கிறதே" என்றும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அந்த இளைஞருக்கு எண் தெரிந்திருந்தது, கார் தெரியவில்லை. இதை எழுதும்போது எனக்கு இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

டியர்பார்ன் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் முதல் வரிசை எண் கொண்ட மஸ்டாங் நிற்கிறது. '5 எஃப் 08 எஃப் 100001', வெள்ளை கன்வர்ட்டிபிள், 260 வி8. கனடாவில் டீலர்களுக்குக் காட்டச் சுற்றுக்கு அனுப்பிய கார் அது. விற்றிருக்கக் கூடாது. ஆனால் நியூஃபவுண்ட்லாந்தின் செயிண்ட் ஜான்ஸ் நகரில் விமானியான கேப்டன் ஸ்டான்லி டக்கர் அதைப் பார்த்து ஆசைப்பட்டார், டீலரும் விற்றுவிட்டார். அதிகாரபூர்வ விற்பனை நாளுக்கு மூன்று நாள் முன்னால். முதல் எண் காரைத் திரும்ப வாங்க ஃபோர்டு பட்ட பாடு கொஞ்சமில்லை. டக்கர் அவ்வளவு லேசில் கொடுக்கவில்லை, பத்தாயிரம் மைல் ஓட்டித் தீர்த்தார். பத்து லட்சத்தைத் தாண்டி அடுத்ததாக வந்த மஸ்டாங்கை 1966இல் அவருக்குக் கொடுத்துத்தான் பழையதை வாங்க முடிந்தது. இரண்டாம் எண் கார், ஆறு சிலிண்டர் ஹார்ட்டாப், எங்கோ வழி மாறி யூக்கானில் வைட்ஹார்ஸ் வரை போய்விட்டது. சிகாகோவிலும் ஓர் இளம் பள்ளி ஆசிரியை ஏப்ரல் 15 அன்றே நீல நிற கன்வர்ட்டிபிள் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டு போனார். அமெரிக்க மண்ணில் முதலில் விற்றது அதுதான் என்று ரசிகர்கள் நம்புகிறார்கள்.

அருங்காட்சியகம் அந்த முதல் காருக்கு 1965 என்றே பேர் வைத்திருக்கிறது. சரிதான். ஆனால் நான் போனபோதெல்லாம் அந்தக் காருக்குப் பக்கத்தில் யாராவது ஒருவர் பேரனிடமோ பேத்தியிடமோ "இது வந்தப்போ நான்..." என்று தொடங்குவதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்கிற வருஷம் 1964. இரண்டும் ஒரே காரைப் பற்றிய உண்மை.

இந்தப் பேரை வைத்து ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். 'நாலரை' என்றால் விலை கூடும் என்று எந்த 65ஐயும் அப்படிச் சொல்லி விற்கப் பார்ப்பார்கள். ஃபாஸ்ட்பேக் என்றால் கேட்கவே வேண்டாம். ஃபாஸ்ட்பேக் உடல் ஆகஸ்ட் மாற்றத்துக்குப் பிறகுதான் வந்தது, நாலரை ஃபாஸ்ட்பேக் என்று ஒன்று கிடையாது. மெட்டூச்சன் ஆலையின் எழுத்து இருந்தாலும் அப்படியே, அந்த ஆலை 1965இல்தான் மஸ்டாங் செய்யத் தொடங்கியது. சான் ஹோசேயில் ஜூலையில் தொடங்கியதால் அங்கே கொஞ்சம் நாலரைகள் உண்டு. வின் எண்ணின் ஐந்தாவது இடத்தில் எஞ்சின் எழுத்தைப் பாருங்கள். 170 ஆறு சிலிண்டருக்கான யு, 260க்கான எஃப் இரண்டில் ஒன்று இருந்தால் முதல் தொகுதிதான். அதிவேக 289க்கான கே ஜூன் முதல் இரண்டு தொகுதியிலும் வரும், அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஓட்டுநர் கதவில் உள்ள தகட்டில் தேதிக்குப் பக்கத்தில் மாத எழுத்து இருக்கும்: மார்ச்சுக்கு சி, ஜூனுக்கு எஃப், ஜூலைக்கு ஜி.

தகடு மாற்றியது போலச் சந்தேகமாக இருந்தால் பானெட்டைத் தூக்கி டைனமோவைத் தேடுங்கள். அதுவும் போதாது, டைனமோவை யாரும் பின்னால் மாட்டலாம். பானெட்டின் முன் ஓரத்தையும் பெரிய ஹாரன் இருந்த இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். மாற்றங்கள் எல்லாம் ஒரே நாளில் நடக்கவில்லை, கையிருப்பில் இருந்த சாமான் தீரும் வரை பழையதையும் போட்டார்கள். அதனால் ஆகஸ்ட் கார்களில் கலப்பு இருக்கும். ஆகஸ்ட் காரை நாலரை விலைக்கு வாங்குவதானால், எங்கள் பெரியவரைப் போல விரலை ஓட்டிப் பார்த்துத் தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.